ஃபிலிஸ் தூங்கிய வீடு

காலை எட்டு மணிக்கே லர்லீன் அந்த வீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாள். ரொடாந்தே என்ற தீவுக் கரை ஊரில் கடலை ஒட்டி மிச்சமிருந்த நான்கு வீடுகளில் அது ஒன்று. எட்டடி உயரத் தூண்களின் மேல் நின்ற மரவீடு. நேற்றுவரை மணலுக்குள் ஆழமாக இறங்கியிருந்த தூண்களில் ஒன்று இன்று தரையைத் தொடவே இல்லை. வீட்டைத் தாங்க வேண்டிய அது, வீட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. புயல் எங்கோ ஐந்நூறு மைலுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அது அனுப்பிய அலைகள் மட்டும் இரண்டு நாளாக வந்து மோதின.

வீட்டுக்காரர் கார்வர் தூரத்தில், ரிச்மண்ட் நகரத்தில் இருந்தார். அவருடைய பதினொரு வாடகை வீடுகளுக்கும் சாவி கொடுப்பது, பெருக்கித் துடைப்பது, வருகிறவர்களைக் கவனிப்பது எல்லாம் பன்னிரண்டு வருடமாக லர்லீன்தான். அங்கே நின்றபடியே அவருக்குப் போன் செய்தாள்.

"ஒரு தூண் போயிடுச்சு சார். மத்தியானம் ரெண்டரைக்கு கடல் ஏறும். இங்க தங்கியிருக்கிறவங்களை வேற வீட்டுக்கு மாத்திடலாம்."

"ஒரு தூண்தானே? இருபது தூண் இருக்கு. போன மாசம்தான் ஆள் வந்து பார்த்துட்டுப் போனான்."

"போன மாசம் மணல் இருந்துச்சு சார்."

"லர்லீன், நீ சாவி குடுக்கிற வேலையைப் பாரு. அவங்க காதுல எதையும் போட்டு வைக்காதே. நாளைக்கு எப்படியும் கிளம்பிடுவாங்க."

அவள் போனை வைத்தபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஒஹாயோவிலிருந்து வந்திருந்த டுவைட் காபிக் கோப்பையோடு கைப்பிடியில் சாய்ந்து நின்றார். அவரும் மனைவி ஃபிலிஸும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இந்தத் தீவுக் கரையின் ஊர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி தங்குவது என்று கிளம்பியவர்கள். கொரோலா முடிந்தது, டக் முடிந்தது. நாளை ஏவன், பிறகு ஹாட்டரஸ்.

"ராத்திரி பூரா கட்டில் ஆடுச்சும்மா. இது சகஜமா?" என்று கேட்டார் டுவைட்.

"தூண் மேல நிக்கிற வீடுன்னா கொஞ்சம் ஆடும் சார். பயப்பட ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. கார்வர் என்ன சொன்னாலும் சரி, அவர்களைக் கிளப்பிவிடுவது என்று திரும்பி வந்தாள். தெருமுனைக்கு மேல் வண்டி போகவில்லை. அலைநீர் தெருவிலேயே நுரைத்து ஓடியது. வீட்டுக்கு அடியில் ஒவ்வோர் அலையும் முழங்கால் உயரத்துக்குப் புகுந்து வெளியேறியது. மாடிப்படியின் கீழ்ப்பாதி காணவில்லை. ஆனால் டுவைட்டின் சாம்பல் நிறக் கார் அங்கே இல்லை. லர்லீனுக்கு மூச்சு வந்தது.

எதிர்ச் சாரியில் எல்வுட் தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் மீன்பிடித்தவர், லர்லீனுக்குத் தூரத்துச் சொந்தம்.

"என்ன, உன் முதலாளியோட அரண்மனை கடலுக்குப் போகப் போவுதா? சாவியைக் கடல்கிட்ட குடுத்துட்டு வந்துடு" என்றார்.

"வாயை மூடு எல்வுட். அவங்க கிளம்பினதைப் பாத்தியா?"

"பதினொரு மணிக்கு அந்த ஆளு மட்டும் போனான். கூட அந்தம்மா இருந்த மாதிரி தெரியல."

லர்லீன் டுவைட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, நான் ஏவன்ல மாட்டிக்கிட்டேன். மளிகை வாங்க வந்தேன். ரோடு மேல கடல் ஏறிடுச்சு, போலீஸ் விட மாட்டேங்குறாங்க. ஃபிலிஸ் போனை எடுக்கல. ராத்திரி சரியா தூங்கலன்னு படுத்திருந்தா. தூங்குறப்போ காது மெஷினைக் கழட்டி வெச்சிடுவா. அது இல்லாட்டி அவளுக்கு இடி விழுந்தாலும் கேக்காது. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு..."

லர்லீன் போனை எல்வுட் பக்கம் நீட்டிவிட்டு வீட்டைப் பார்த்தாள். மாடி ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது.

எல்வுட் கேலியை நிறுத்திவிட்டார். "ஏணி எடுத்துட்டு வரேன். நீ தனியா இறங்காதே, சொல்லிட்டேன்!"

அவசர உதவிக்குச் சொன்னார்கள். அந்த வண்டியும் தெற்கே, வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. கடல் உச்சத்துக்கு ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

இருவரும் அலுமினிய ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அலை வரும்போது தண்ணீர் இடுப்பைத் தொட்டது, போகும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்தது. உடைந்த பலகைகள் ஆணிகளோடு மிதந்து வந்தன. அதில் ஒன்று எல்வுட்டின் கெண்டைக்காலைக் கிழித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏணியைச் சாய்த்துப் பிடித்தார்.

"மூணு பெரிய அலை வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அடங்குறப்போ ஏறு. நான் கத்துனா அந்தம்மா வந்தாலும் வராட்டியும் நீ குதிச்சிடணும்."

"கத்தாதே."

"என் கையிலயா இருக்கு?"

மூன்றாவது அலை போனதும் லர்லீன் ஏறினாள். சாவி சுற்றியது, கதவு அசையவில்லை. வீடு முறுக்கிக்கொண்டதில் நிலை கோணியிருந்தது. கைக்கு அகப்பட்ட இரும்பு நாற்காலியால் கதவின் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்தாள். சமையலறை அலமாரிகள் திறந்து கிடந்தன. தரை கடல் பக்கமாகச் சரிந்திருந்ததால் கோப்பைகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. காலடியில் எங்கோ மரம் நீளமாக முனகியது.

மாடியறையில் ஃபிலிஸ் போர்வையை முகவாய்வரை இழுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். லர்லீன் தோளை உலுக்கினாள். அந்த அம்மா கண்ணைத் திறந்து, ஈரம் சொட்ட நின்ற உருவத்தைப் பார்த்து வீறிட்டாள்.

"வெளியே வாங்க! வீடு விழுது!"

ஃபிலிஸ் தலையை ஆட்டினாள். அவள் கை பக்கத்து மேசையைத் துழாவியது. காது மெஷின் அங்கே இல்லை, எப்போதோ உருண்டு போயிருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கினாள். லர்லீன் அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போய்த் திரையை விலக்கினாள். கீழே மணல் இல்லை, வெள்ளை நுரைதான். ஃபிலிஸ் அதற்குப் பிறகு எதையும் தேடவில்லை.

ஏணிக்கு மேலே வந்ததும் அவள் கால் மறுத்தது. கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். கீழே எல்வுட் தொண்டை கிழியக் கத்தினார். லர்லீனுக்கு அது கேட்டது, ஃபிலிஸுக்குக் கேட்கவில்லை. அப்போது வீடு முழுவதும் ஒரு சாண் இறங்கியது. லர்லீன் முதலில் இறங்கி, ஃபிலிஸின் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தாள். பாதியில் அலை வந்து மூவரையும் நனைத்தது. அது போன மறுநொடி எல்வுட் அந்த அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தெருவுக்கு நடந்தார்.

அவர்கள் எல்வுட்டின் வாசலில் விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது வீடு மெதுவாக மண்டியிட்டது. கூரை சாய்ந்தது, சுவர்கள் பிரிந்தன. கட்டில் ஒன்று கொஞ்ச நேரம் மிதந்தது.

அன்று மாலை, லர்லீனின் உடையைப் போட்டுக்கொண்டு ஃபிலிஸ் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். டுவைட் போனில் அழுதார், லர்லீன் தேற்றினாள். ரோடு மறுநாள்தான் திறக்கும். கேட்காத காதோடு பேச ஒரு நோட்டும் பேனாவும் நடுவில் இருந்தன. ஃபிலிஸ், 'நீ இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன்' என்று எழுதி நீட்டினாள்.

லர்லீன் அதை இரண்டு தடவை படித்தாள். மீன் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள், ரொட்டியை வெட்டினாள். பிறகு உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள்.

'தூண் போனது காலை எட்டு மணிக்கே எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்றார்கள். நான் சொல்லவில்லை.'

ஃபிலிஸ் படித்தாள். பிறகு அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து, நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். சூப்பைக் குடித்தாள்.

மறுநாள் மதியம் டுவைட் வந்து மனைவியைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு லர்லீனின் கையைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"இருங்க," என்றாள் ஃபிலிஸ், தன் குரலின் அளவு தெரியாமல் உரக்க. "நன்றி சொல்லுங்க. சொல்லத்தான் வேணும். ஆனா முதல்ல இதைப் படிங்க."

டுவைட் படித்தார். நீட்டிய கை இறங்கியது.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு எங்கிட்ட சொன்னியே."

"ஆமா சார். சொன்னேன்."

"ஏன்?"

"வேலை போயிடும்னு பயம்."

அவர் மனைவியைக் காருக்கு அழைத்துப் போனார். கார் வடக்கே திரும்பியது. ஏவனுக்கும் ஹாட்டரஸுக்கும் அவர்கள் போகவில்லை. கதவை மூடும் முன் ஃபிலிஸ் ஒரு தடவை லர்லீனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அது மன்னிப்பா, விடைபெறுதலா என்று லர்லீனுக்குத் தெரியவில்லை.

கார்வரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. முதல் வரிசையில் இன்னும் மூன்று வீடுகள் நின்றன. அவற்றில் கார்வருடைய ஒன்றில் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் நேற்று முன்தினம் வந்திறங்கியிருந்தது. கடல் மறுபடி ஏற ஒரு மணி நேரம் இருந்தது. லர்லீன் ஈரம் காயாத செருப்பை மாட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

"சாமானை அப்புறம் எடுத்துக்கலாம்," என்றாள் திறந்த பெண்ணிடம். "பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இப்பவே இறங்குங்க."