நிறுத்தாத வண்டி

காத்தவராயனுக்குக் குடியிருப்பு முழுக்க நல்ல பெயர். அதுதான் அவருக்குத் தலைவலி.

வேலூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று, இப்போது தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கார் ஓட்டுகிறார். கிட்வாய் நகர் வீட்டில் டி.வி.க்கு மேலே ஒரு கேடயம் மாட்டியிருக்கிறது. விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகப் பட்டாளத்தில் கொடுத்தது. மனைவி செல்வி அதை வெள்ளிக்கிழமை தவறாமல் துடைப்பாள். வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் காபி கொடுக்க மாட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் பால்கனிக்கு நழுவிவிடுவார். மனுஷருக்கு என்ன அடக்கம் என்பார்கள். அடக்கமாவது ஒன்றாவது! அத்தனையும் அவமானம்.

கேடயம் கிடைத்த வருஷந்தான் அது நடந்தது. வடக்கே மலைப்பாதையில் படை லாரிகள் வரிசையாகப் போகும். வரிசையில் போகிற வண்டி எதற்காகவும் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் குண்டு வெடிக்கலாம், பின்னால் வருகிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். விதி சரியான விதிதான். அதை இன்றைக்கும் அவர் குறை சொல்வதில்லை. ஒரு திருப்பத்தில் விறகுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் ஓரமாக ஒதுங்கினார். அந்த ஒதுங்கல் போதவில்லை. லாரியின் பக்கவாட்டில் தட்டென்று ஒரு சத்தம். கண்ணாடியில் விறகு சிதறுவது தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. காத்தவராயனின் கால் பிரேக்குக்குப் போனது. பக்கத்தில் இருந்த சுபேதார், "ருக்னா மத்" என்றார், நிற்காதே என்று. காத்தவராயன் காலை எடுத்துவிட்டார். முகாமுக்குப் போனதும் சுபேதார் முதுகில் தட்டி, "ஷாபாஷ்" என்றார். யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது விபத்தாகுமா? கேடயம் வந்துவிட்டது.

இதை அவர் செல்வியிடம்கூடச் சொன்னதில்லை. அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். மகள் சுஜாதாவுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவருடைய பயமெல்லாம். அவளுக்கு அப்பா என்றால் அப்படி ஒரு பெருமை. வேலைக்குச் சேர்ந்து பழைய கார் ஒன்று வாங்கியதும், "அப்பாதான் கத்துக்கொடுக்கணும், அவ்ளோதான்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவரும் இடுப்பு வலி, வேலை என்று ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். செல்வி விட்டால்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை லோதி ரோடு காலியாக இருந்தது. சுஜாதா நன்றாகவே ஓட்டினாள். பஸ் நிறுத்தம் தாண்டியதும், பின்னால் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிய சைக்கிள் ஒன்று சட்டென்று வளைந்தது. காரின் பக்கக் கண்ணாடி உரசியதில் சைக்கிளோடு அதை ஓட்டிய கிழவரும் சாய்ந்தார்.

"நிறுத்தாத! போய்க்கினே இரு!"

சுபேதாரைவிட அதட்டலாகக் கத்தினார் காத்தவராயன்.

சுஜாதா நிறுத்திவிட்டாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

அவரால் பெல்ட்டைக்கூடக் கழற்ற முடியவில்லை. கிழவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். முட்டைகள்தான் ரோடெல்லாம் வழிந்து கிடந்தன. நடைப்பயிற்சிக்கு வந்த நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இந்தக் காலத்தில் யார் நிறுத்துகிறார்கள் என்று ஒருவர் வியந்தார். அப்பாதான் நிறுத்தச் சொன்னார், அவர் பட்டாளத்துக்காரர் என்று சுஜாதா இந்தியில் சொல்வது காரின் உள்ளே கேட்டது. பொய்யே சொல்லத் தெரியாத பெண். இவருக்காக நடுரோட்டில் நின்று சொல்கிறாள். காத்தவராயனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

முட்டைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து ஜன்னல் அருகே நின்று கும்பிட்டார். "பட்டாளத்து சாப், உங்களை மாதிரி மனுஷங்க எங்கே இருக்காங்க?" என்றார் இந்தியில்.

மறுபடியும் ஒரு ஷாபாஷ். இதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. இறங்கினார்.

"நஹி பாபா," என்றார். "நிறுத்த வேணாம்னு சொன்னவன் நான்தான். நிறுத்தினது அவள்."

கும்பிட்ட கைகள் மெதுவாக இறங்கின. நடக்க வந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். சுஜாதா யார் முகத்தையும் பார்க்காமல் பர்ஸைத் திறந்து முட்டைக்குப் பணம் கொடுத்தாள், மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னாள், திரும்பி வந்து காரில் உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பவில்லை.

"ஏன்ப்பா அப்படிக் கத்தினீங்க? கூட்டம் வந்து அடிக்கும்னு பயந்துட்டீங்களா? அப்படித்தான்னா சொல்லுங்க. கோயி பாத் நஹி, பரவால்ல."

தப்பித்துக்கொள்ள அவளே வழி காட்டினாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம்.

"இல்லம்மா," என்றார். "எனக்கு அது பழக்கம்."

திருப்பத்தையும் விறகையும் கண்ணாடியில் தெரிந்த கையையும் சொன்னார். சுபேதார் சொன்னதையும் சொன்னார். "அவர் சொன்னாருதான். ஆனா கால எடுத்தது நான்," என்றார்.

சுஜாதா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பெரியவர் செத்துட்டாராப்பா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றார் காத்தவராயன். "நிறுத்தியிருந்தாதானே தெரியும்."