குடும்ப வருமானம் ஐம்பதாயிரம்

எங்கள் ஊரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

போன கணக்கெடுப்புக்கு ஒரு வெளியூர்க்காரர் வந்தார். அவரிடம் எல்லோரும் மூக்கைச் சிந்தி அழுதார்கள். ஏழை ஊர்ப் பட்டியலில் சேர்ந்தோம். இரண்டு அறை மருத்துவமனை கிடைத்தது, தினமும் ஒரு நர்ஸும் வந்தாள். இந்த முறை உள்ளூர் ஆளிடம்தான் உண்மை வரும் என்று எந்த மேதாவிக்கோ தோன்றி, தையல்காரியான என் கையில் படிவக் கட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆள் கணக்கு சீக்கிரம் முடிந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த ஊரில் இப்போது முந்நூற்று எழுபத்தொரு பேர். பாதி வீடுகளில் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் வருமானம் கேட்டபோதுதான் கூத்து. வெளியூர்க்காரரிடம் அழலாம். வீடு வீடாக அளவெடுக்கப் போகிற என்னிடம் அழுதால் மானம் போய்விடுமே!

“மாசம் நாப்பதாயிரம்னு போடும்மா,” என்றார் மாவு மில்காரர். அவர் சட்டையின் நைந்த காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்தவளே நான். மில் ஓடி இரண்டு வருஷம் ஆகிறது.

“பையன் அனுப்புறானா?”

“அவன் எதுக்கு அனுப்பணும்? நான்ல அவனுக்கு அனுப்புறேன்!”

வாய் கூசவில்லை மனிதருக்கு. சொன்னதை எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன்.

கடைசியாக எங்கள் வீடு. என் கணவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். நர்ஸ்தான் தினமும் கழுவிக் கட்டுப் போடுவாள். அவர் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. என் மெஷின்தான் சோறு போடுகிறது. அன்றைக்கென்று பார்த்துக் கொழுந்தன் வந்து உட்கார்ந்திருந்தான்.

“எங்களுக்கு நாப்பத்தஞ்சு போட்டீங்கல்ல அண்ணி?”

“நமக்கு அம்பதுன்னு போடு,” என்றார் இவர்.

“ஏங்க, எங்கேருந்து வருது அம்பது?”

“போடுன்னா போடு.”

கொழுந்தனை ஒரு தரம் பார்த்தேன். பிறகு எழுதினேன். ஊரிலேயே பெரிய தொகை எங்களுடையது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வேறு. தூ!

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. மக்கள்தொகை குறைந்திருக்கிறது, வருமானம் மூன்று மடங்கு உயர்ந்திருக்கிறது, எனவே மருத்துவமனை மூடப்படுகிறது. ஓடிப்போய் அதிகாரியிடம் கேட்டேன். பாதி வீட்டுக்காரர்களாவது உண்மை வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி பார்க்கலாம் என்றார். ஆனால் அந்தப் பட்டியலை மருத்துவமனைக் கதவில் ஒட்ட வேண்டுமாம்.

ஒவ்வொருவராகக் கொல்லைப்புறம் வழியே வந்தார்கள். “என்னோடத மட்டும் கமுக்கமா குறைச்சிடேன்.” கதவில் ஒட்டுவார்கள் என்றதும் நழுவினார்கள். இவரும் கையெழுத்துப் போடவில்லை. “கதவுல தம்பி வந்து படிக்கிறதுக்கா? காலே போனாலும் சரி,” என்றார். பட்டியல் வெறும் கோடுகளோடு திரும்பிப் போனது.

நர்ஸ் கிளம்பும்போது ஒரு பை நிறையக் கட்டுத்துணி கொடுத்தாள். “தினமும் மாத்துங்கக்கா. விரல் கறுத்தா ஒரு நிமிஷம் தாமதிக்காம டவுனுக்குக் கொண்டு போயிடுங்க.”

பத்தாம் நாள் காலை கட்டைப் பிரித்து, கிண்ணத்தை ஏந்திப் புண்ணைக் கழுவ ஆரம்பித்திருந்தேன். நாற்றம் அறை முழுக்க அடித்தது. வாசலில் கொழுந்தனின் குரல் கேட்டதும் இவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார். கிண்ணத்தை மறைக்கச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

“நர்ஸ் போயிட்டாளே, கால் எப்படிண்ணா இருக்கு?”

“அவ போனா என்னடா? டவுன்லேருந்து தனியா ஒரு நர்ஸ் வர்றா. நமக்கென்ன, வசதியா இல்ல?”

சீழும் தண்ணீருமாக ஏந்திய கிண்ணத்தோடு நின்றேன். இந்த மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று அருவருப்பாக இருந்தது. போர்வையை உருவினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது.

“உள்ள வாங்க தம்பி. அந்த டவுன் நர்ஸ் நான்தான்,” என்றேன். “உடனே வண்டி பிடிக்கணும். உங்க நாப்பத்தஞ்சாயிரத்துல ஏதாவது இருக்கா?”

அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு, வெறுங்கையை வெளியே எடுத்தான்.