கொக்கிகளுக்கு நடுவே ஒரு துப்பாக்கி

என் மச்சான் தருமனின் காதைக் கண்ணாயிரத்தின் ஆள் கொக்கியால் கிழித்த வாரத்தில்தான் என் மகள் கவிநிலா துப்பாக்கி வேண்டும் என்று கேட்டாள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் மண்டித் தெருவில் சொன்னால் யார் நம்புவார்கள்?

நாங்கள் திருவண்ணாமலை மண்டித் தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை மூட்டையை முதுகில் ஏற்றுவதற்கு ஆளுக்கு ஓர் இரும்புக் கொக்கி உண்டு. தெருவில் இரண்டு கோஷ்டி. மேலண்டை வாசலில் வரும் லாரி எங்களுக்கு, கீழண்டை வாசலில் வருவது கண்ணாயிரம் கோஷ்டிக்கு. 2005-ஆம் வருஷம் கீழண்டை வாசலை அடைத்துக் கடை கட்டிவிட்டார்கள். எல்லா லாரியும் ஒரே வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து தினமும் ரத்தம். முதலில் ஒருவனுக்குப் பல் போனது. பிறகு ஒருவனை ஓடும் லாரியிலிருந்து இழுத்துப் போட்டார்கள், கணுக்கால் திரும்பிக்கொண்டது. அப்புறம் தருமனின் காது. கிழிந்த காது தொங்கியபடியே அவன் அந்த லாரியை முழுசாக இறக்கிவிட்டுத்தான் தையல் போடப் போனான். அப்படிப்பட்ட வீம்பு அவனுக்கு.

கவிநிலா காலேஜில் இரண்டாம் வருஷம். என்.சி.சி.யில் சேர்ந்த இடத்தில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழக்கினார்கள். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் கறுப்பு வட்டம். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டு. ஒரே கையை நீட்டிச் சுட வேண்டும். இவளுக்குக் கை நடுங்கவில்லை என்று என்.சி.சி. பார்த்துக்கொள்ளும் சந்திரகலா மேடம் கண்டுபிடித்துவிட்டார். சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு இவள் பெயரைக் கொடுத்தார். ஆனால் காலேஜில் இருப்பது ஒரே துப்பாக்கி. அதை எல்லாப் பெண்களும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள். சொந்தமாக ஒன்று இல்லாமல் போனால் போய் வந்த கதைதான் என்று மேடம் என்னிடமே சொன்னார்.

"லைசென்ஸ் எதுவும் வேணாங்க. பெரிய விலையிலயும் வேணாம். ஆனா புதுசா பளபளன்னு கீதேன்னு எதையாவது வாங்கிடாதீங்க. புதுசா மட்டமானதைவிட பழசுல நல்லதே மேல்."

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்னால் பிரசாத் என்று ஒருவர் இருந்தார். ராணுவத்திலிருந்து வந்தவர். வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விட்டுக்கொண்டு, பழைய போட்டித் துப்பாக்கிகளை வாங்கி விற்பார். ஞாயிற்றுக்கிழமை கவிநிலாவும் நானும் கிளம்பினோம். தருமன் காதுக் கட்டோடு பின்னாலேயே வந்தான்.

"நீ எதுக்குடா?"

"பாதிப் பணம் நான் போடறேன் மாமா. எங்க அக்கா பொண்ணு. நான் பாக்க வேணாமா?"

பிரசாத் ஒரு துண்டை விரித்து மூன்று துப்பாக்கிகளை வைத்தார். முதலாவதைக் காட்டும்போதே, "இது உங்களுக்கு இல்ல, சும்மா பாருங்க" என்றார். விலையைக் கேட்டதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாவது புதுசு, கறுப்பு, கனமாக இருந்தது. போலீஸ்காரன் இடுப்பில் இருப்பதுபோலவே இருந்தது. மூன்றாவது பழசு. எந்த நாட்டிலேயோ செய்தது. குழாய் ஒல்லியாக நீண்டிருந்தது. பிடி மட்டும் தடித்த மரம். யாரோ ஒருவனுடைய உள்ளங்கை அதில் பள்ளமாகப் பதிந்திருந்தது. பார்த்தால் தச்சன் பட்டறையில் கிடக்கும் சாமான் மாதிரி இருந்தது.

தருமன் கறுப்பைத்தான் எடுத்தான். குழாயை மடக்கி, குண்டு போட்டு, தோட்டத்தில் இருந்த தகரத்தில் சுட்டான். டப்பென்று சத்தம். தகரத்தில் ஓட்டை.

"மாமா! பாத்தியா? இதான் துப்பாக்கி. கவி, இதுல சுட்டா ஆளு சாவானா?"

"அட்டைதான் மாமா சாவும்."

"கண்ணுல பட்டா?"

பிரசாத் அவன் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டார். "ஆள் பேச்சு பேசறதா இருந்தா கிளம்புங்க" என்றார். தருமன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

கவிநிலா கறுப்பைப் பிடித்தாள். கண்ணை மூடிக் கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, குழாய் எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். இடப்பக்கமாகப் போயிருந்தது. மறுபடியும் செய்தாள். மறுபடியும் இடப்பக்கம். பிறகு பிரசாத் நூலில் அரைக் கிலோ எடைக்கல்லைக் கட்டி, விரலால் இழுக்கிற அதன் விசையில் தொங்கவிட்டார்.

"போட்டியில இப்படித்தான் பாப்பாங்க. இந்தக் கல்லைத் தாங்கணும். தாங்காத துப்பாக்கிய உள்ள விடமாட்டாங்க. ஆனா தாங்கிட்டு, அதுக்கு மேல கொஞ்சம் அழுத்தினா உடனே விடணும்."

கறுப்பு அரைக் கிலோவைத் தாங்கியது. ஒரு கிலோவையும் தாங்கியது. இரண்டு கிலோவைக் கட்டினாலும் அசையவில்லை.

"நல்ல கெட்டி" என்றான் தருமன்.

"கெட்டி இல்ல, பிடிவாதம்" என்றார் பிரசாத். "பாப்பா இதை இழுக்கறதுக்குள்ள குறி தெருவுக்குப் போயிடும்."

மரப்பிடித் துப்பாக்கியை அவள் கண்ணை மூடி நீட்டிவிட்டுத் திறந்தபோது, குழாய் நேராக நின்றது. கல்லைத் தாங்கியது. விரலால் லேசாகத் தொட்டதும் விட்டது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை ஒரு தடவை இழுத்து மூடினால் காற்று அடைந்துவிடும். சத்தம் விரலைச் சொடுக்கியதுபோல. கவிநிலா அட்டையில் ஐந்து குண்டு போட்டாள். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின.

"எனக்கு இதாம்பா."

"பிடி உனக்குப் பெரிசா கீதே" என்றேன்.

"அரத்தால ராவிக்கலாம். மரம்தானே."

தருமனுக்கு மூஞ்சி விழுந்துவிட்டது. "இதுல குருவி கூட சாவாது. இதுக்கா நான் பணம் போடணும்?" என்று வழி முழுக்கப் புலம்பினான். ஆனால் போட்டான். ஏன் போட்டான் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. டீக்கடையில், லாரியடியில், கோணி தைக்கிற பெண்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மாமா வூட்டுல துப்பாக்கி வாங்கிட்டோம். ஃபாரின் மாலு." அட்டை, போட்டி, சென்னை எதையும் அவன் சொல்லவில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

கண்ணாயிரம் ஒரு நாள் என் எதிரே வந்து நின்றான். "இன்னா ராமண்ணா, துப்பாக்கியாமே?"

"பொண்ணு போட்டிக்கு. காத்துத் துப்பாக்கி."

"எனக்கும் காத்து வாங்கத்தான் ஆசை" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் ஆட்கள் சிரித்தார்கள். கண்ணாயிரம் சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மட்டும் மண்டித் தெருவில் சண்டை கிடையாது. இரண்டு கோஷ்டிக் கொக்கிகளையும் கழுவி, கொட்டகையில் வாழையிலைமேல் ஒரே வரிசையாக அடுக்குவோம். எங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று என்று மாற்றி மாற்றி. எல்லாக் கொக்கியின் மூக்கும் சாமி படத்தைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆளைப் பார்த்து ஒன்று திரும்பியிருந்தால், அடிக்கக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். என் அப்பா காலத்தில் அப்படித் திருப்பி வைத்த ஒருவனுக்கு விலா உடைந்தது.

என் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு ஒரே எண்ணம். புது இரும்பு, பூஜை போடாமல் சென்னைக்குப் போகக்கூடாது. நான் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியோடு கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டாள். துப்பாக்கிக்கு முகம் எது? மகள் கை படுகிற மரப்பிடிதான் முகம் என்று அவள் நினைத்தாள். அதில் சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, சாமியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதனால் குழாயின் வாய் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது கண்ணாயிரம்.

நான் ஈரத் தலையோடு உள்ளே வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வாயைப் பார்த்தேன். திருப்புவதற்குக் குனிந்தேன். அதற்குள் கண்ணாயிரமும் பார்த்துவிட்டான்.

"பூஜையிலயேவா?" என்றான். சத்தம் போடவில்லை. எழுந்து, எரிகிற கற்பூரத் தட்டைக் காலால் எத்தினான்.

அப்புறம் யார் முதலில் அடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வரிசையில் இருந்த கொக்கிகளை ஆளுக்கொன்று அள்ளினார்கள். அவன் கொக்கியை இவன், இவன் கொக்கியை அவன். அறிவுச்செல்வன் என்ற எங்கள் கோஷ்டிப் பையனின் தோளில் ஒன்று இறங்கி, இழுத்தபோது சதையோடு வந்தது. திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயை ஒருவன் தூக்கி இன்னொருவன் தலையில் போட்டான். காய் உடைந்ததா தலை உடைந்ததா என்று தெரியாதபடி குங்குமமும் ரத்தமும் ஒன்றாக வழிந்தது. பெண்கள் பொரி மூட்டைக்குப் பின்னால் கத்தினார்கள். என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. நான் ஒருவனின் மூக்கில் முட்டினேன். எலும்பு நொறுங்கியது என் நெற்றிக்குத் தெரிந்தது.

தருமன் தரையில் ஊர்ந்துபோய் துப்பாக்கியை எடுத்தான். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்து மூடினான். கவிநிலா வீட்டில் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். பெட்டியில் குண்டும் இருந்தது. எழுந்து நின்று கண்ணாயிரத்தின் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"மாமா! கீழ புடி! ஆளுக்கு நேரா காட்டாத!" என்று பெண்களுக்கு நடுவிலிருந்து கவிநிலா அலறினாள்.

விரலைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். கண்ணாயிரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. தருமன் மறுபடி கைப்பிடியை இழுத்தான். நான் கொக்கியின் கட்டைப் பக்கத்தால் அவன் முழங்கையில் அடித்தேன். என் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன். கை தொங்கிப்போய், துப்பாக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். நான் அதை எடுத்துப் பொரி மூட்டைக்குள் செருகினேன்.

போலீஸ் வந்தது. உடைந்த தலைகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதா என்று எல்லாரையும் விசாரித்தார்கள். இரண்டு கோஷ்டியும் வாயைத் திறக்கவில்லை. போலீஸிடம் பேசுவதாக இருந்தால் கண்ணாயிரம்தான் பேச வேண்டும், குண்டு பட்டது அவனுக்குத்தான். அவன் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. வீட்டில் கண்ணாடி எதிரே உட்கார்ந்து சவர பிளேடால் கன்னத்தை அறுத்து அவனே ஈயத்தை எடுத்தான் என்று சொன்னார்கள். தருமன் ஒற்றைக் கையோடு கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓடிவிட்டான்.

கண்ணாயிரம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். துப்பாக்கி கோர்ட்டுக்குப் போய்விடும். கேஸ் முடிந்து வெளியே வருவதற்குள் கவிநிலாவுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். அவள் மறுநாள் சாயங்கால பஸ்ஸில் சென்னை கிளம்ப வேண்டியவள். "போலீஸ் டேஷன்ல நாமளே கொண்டுபோய் குடுத்துடலாம்பா" என்றாள். பிடியில் காய்ந்த சந்தனத்தைத் துணியால் துடைத்தபடி சொன்னாள்.

விடிந்ததும் கண்ணாயிரம் வீட்டுக்குப் போனேன். கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"டேஷனுக்கு கூப்டிருக்காங்க" என்றான். "இன்னா சொல்ட்டும்?"

"பொண்ணு பொருளுப்பா அது. அவ யாரையும் ஒண்ணும் பண்ணல."

"தெரியும். பாப்பா கத்துனது கேட்டுச்சு. ஆனா பூஜையில அத்தனை பேர் எதிர்ல என் மூஞ்சில சுட்டாங்க ராமண்ணா. நான் சும்மா போனா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?"

"தருமனைக் கூட்டியாறேன். இன்னா வேணா பண்ணிக்கோ."

"அவனா? ஒரு காது, ஒரு கை. அவனை அடிச்சா ஊர் சிரிக்கும்." என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ வா. வாசல்ல, எல்லாரும் பாக்க. ஒரே அடி. கையைத் தடுக்கக்கூடாது. அப்புறம் கொக்கி குத்திக்கிச்சுனு எழுதிக் குடுத்துடறேன்."

நான் சரி என்றேன். யோசிக்கிறதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பத்து மணிக்கு லாரிகள் நின்ற மேலண்டை வாசலில் போய் நின்றேன். இரண்டு கோஷ்டியும் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கண்ணாயிரம் லாரிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் சவுக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"சட்டையைக் கழட்டுண்ணா. வீணா கிழியப் போவுது."

கழற்றி மடித்து வைத்தேன். தலையில் அடிப்பானோ என்றுதான் பயம். அவன் தோள்பட்டையைப் பார்த்தான், மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன வலது தோள். கட்டை காற்றில் கிழித்துக்கொண்டு வந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த சத்தம். நான் உட்கார்ந்துவிட்டேன். வாயில் மண்ணும் பித்தமும் வந்தது. தடுக்கவில்லை. கை எழவே இல்லை.

கண்ணாயிரம் கட்டையைப் போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டான். என்னை அவனே தூக்கி ஏற்றினான். சட்டையை எடுத்து மடியில் வைத்தான். "டேஷனுக்கு நேரா போறேன்" என்றான்.

சொன்னபடி செய்தான். மத்தியானம் ஏட்டு வந்து, மூட்டை விழுந்ததா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டு போனார்.

சாயங்காலம் கவிநிலா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தெருவே பார்த்த விஷயம், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் துப்பாக்கிப் பெட்டி இருந்தது. துணிப்பை இல்லை.

"நான் போவல."

"பஸ் எத்தினி மணிக்கு?"

"இனிமே உன்னால மூட்டை தூக்க முடியாதாம். டாக்டர் சொன்னாரு. இதுக்கோசரம் போயி..." மேலே பேச முடியாமல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். அது பலமாக இடித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றது.

"ஒதைக்காத. குறி மாறிடும்" என்றேன்.

நான் இடது கையை ஊன்றிப் புரண்டேன். தோளுக்குள் எலும்பு எலும்பை அறுத்தது. குரல் வெளியே வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பெட்டி எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்தேன். விரல் பட்டது. இழுத்து அவள் காலருகே தள்ளினேன்.

நர்ஸ் ஓடிவந்து என்னைத் தூக்கிப் படுக்க வைத்துத் திட்டினாள். திட்டி முடிக்கும்வரை கவிநிலா அசையாமல் நின்றாள். பிறகு குனிந்து பெட்டியை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வார்டு வாசலைத் தாண்டியதும் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.