விரும்பும் தனிமம்

எங்கள் ஊரில் பணி ஓய்வு பெறுகிறவர்களை மறுநாளே தனிமமாக மாற்றிவிடுவார்கள். பிரிவுபசார விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் வேலை முடிந்துவிடும். மாற்றியதைத் தகுந்த பாத்திரத்தில் இட்டு, வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். தாலுகா அலுவலகத்தின் நீளச் சுவரில் தனிம வரிசை அட்டவணை பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. அதில் அவரவர் கட்டத்தில் பெயர் எழுதுவார்கள். இரும்புக் கட்டத்தில் இப்போது இடமே இல்லை. தங்கம் வேண்டுமென்று எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு ஈயம் கொடுப்பது வழக்கம்.

என் கணவர் தட்சிணாமூர்த்தி பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தார். அவரை அயோடினாகக் கொடுத்தார்கள். நாவல்பழத் தோலின் நிறத்தில், பளபளக்கும் துகள்களாகக் கண்ணாடிப் புட்டிக்குள் இருந்தார். கூடவே ஒரு தாள். 'நிலையற்ற வகை. எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாவார். கழுத்தருகே வைத்துக்கொள்ள வேண்டாம், தைராய்டில் போய்ச் சேரும்' என்று அதில் போட்டிருந்தது. தாலிக்கயிற்றைப் புடவைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு புட்டியை வாங்கினேன்.

எதிர்வீட்டு ஆரோக்கியமேரியின் கணவர் நிக்கல். தபால்காரர் சூசைராஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக டிவிக்குப் பக்கத்தில் ஒரே கட்டியாக இருக்கிறார். துருப்பிடிப்பதில்லை, தேய்வதில்லை. மேரிக்கு அதிலும் குறைதான்.

"இருந்தப்பவும் இப்படித்தான்க்கா. நகரச் சொன்னா நகர மாட்டாரு" என்பாள்.

எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சமையற்கூடத்தை ஒட்டிய வகுப்பில் வருடாவருடம் அயோடின் பாடம் நடக்கும். கஞ்சி பட்டால் அது நீலமாகும் என்பது எனக்கு மனப்பாடம். அவர் வேலைக்குப் போகும்போது கழுத்துப்பட்டையில் வெள்ளைக் கைக்குட்டை வைத்துக்கொள்வார். அதற்கு முப்பத்தொரு வருடம் நான்தான் கஞ்சி போட்டேன். அப்படி ஒரு கைக்குட்டையைப் புட்டிக்குள் தொங்கவிட்டு, மூடியை அழுத்தி மூடி மெழுகு வைத்தேன். சற்று நேரத்தில் அது கருநீலமானது. அதை அவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவுகூடப் பேசியதில்லை.

எட்டாம் நாள் அவர் பாதியானார். டைம் கீப்பர் அல்லவா, ஒரு நிமிடம் பிசகவில்லை. பதினாறாம் நாள் அந்தப் பாதியிலும் பாதி. கைக்குட்டையின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. புட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போனேன்.

தனிமப் பிரிவில் குமுதவல்லி என்கிற எழுத்தர் இருந்தார். கோப்பை எடுத்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் தனிமம் வேண்டாம்னு எழுதியிருக்காரும்மா. வேண்டாம்னு எழுதுறவங்களுக்கு நிலையானது கொடுக்க விதியில்ல. அதான் இது."

"அவர் வேண்டாம்னு சொல்ற ஆளே இல்லீங்க. உப்பில்லாத குழம்பைக்கூட வேண்டாம்னு சொன்னதில்ல."

குமுதவல்லி விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் தேய்ந்த படிவம். 'விரும்பும் தனிமம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டி, 'விரும்பும் தனிமை' என்று தெரிந்தது. அதற்கு எதிரே என் கணவருடைய குண்டுக் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: 'வேண்டாம். வேதநாயகியுடன் இருக்க விரும்புகிறேன்.' இரண்டாவது வாக்கியத்தை யாரோ சிவப்பு மையால் அடித்து, 'பொருத்தமற்றது' என்று குறித்திருந்தார்கள்.

வேதநாயகி நான்தான். அவர் இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கேயே நின்று அழுதேன். குமுதவல்லி நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பிழைதிருத்த மனுவில் விண்ணப்பதாரரே கையெழுத்திட வேண்டும் என்றார். நான் புட்டியைக் காட்டினேன். அவர் மனுவைப் புட்டியின் அடியில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து விழவில்லை.

"அப்ப பாதி பாதியா போறதெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல. பக்கத்துக் கட்டத்துக்குப் போறாரு. ஐம்பத்துமூணுலேருந்து ஐம்பத்துநாலு. செனான். புட்டிக்குள்ளேயேதான் இருக்காரு. ஆனா அது மந்த வாயும்மா. நிறம் கிடையாது, மணம் கிடையாது. யாரோடயும் சேராது."

தனிமை வேண்டாம் என்று எழுதியவரைத் தேடிப்பிடித்து அந்தக் கட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எண்பது நாளில் கைக்குட்டை முழுக்க வெளுத்துவிட்டது. துவைத்து வைத்ததுபோல் புட்டிக்குள் தொங்கியது. வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பால்காரர் காலி புட்டி என்று நினைத்து எடுக்கப் பார்த்தார். அதன்பிறகு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இருட்டாக இருக்குமே என்று மறுபடி வெளியே எடுத்து வைத்தேன். சமையலறையில் நான் பேசுவதை அவர் கேட்பதுபோல் இருக்கும் நாள்களும் உண்டு, இல்லாத நாள்களும் உண்டு. இல்லாத நாள்கள்தான் அதிகம்.

அந்த ஆனியில் எனக்கும் ஓய்வு வந்தது. ஒரு வாரம் முன்னால் படிவம் வாங்கப் போனேன்.

"செனான் ஒருத்தரோடயும் சேராதுன்னு சொன்னீங்களே. ஒருத்தரோடயுமா?"

குமுதவல்லி தடித்த விதிப்புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"ஃபுளூரினோட மட்டும் சேரும்னு போட்டிருக்கு. அதுவும் நானூறு டிகிரி சூட்டுல. ஆனா ஃபுளூரின் பொல்லாததும்மா. கண்ணாடியையே அரிக்கும். தொட்டதையெல்லாம் பிடிச்சுக்கும்."

"பரவாயில்லீங்க."

"ரெண்டு பேரும் சேர்ந்துட்டா அது சேர்மம். சேர்மத்துக்கு அட்டவணையில கட்டம் கிடையாது. சுவத்துல ரெண்டு பேர் பேரையும் அழிச்சிருவோம். வருஷா வருஷம் பூ வைக்க மாட்டாங்க."

"அழிச்சுக்கோங்க."

படிவத்தில் தேய்ந்த இடத்தை முதலில் பேனாவால் திருத்தித் 'தனிமம்' என்று எழுதினேன். பிறகு ஃபுளூரின் என்று ஒவ்வோர் எழுத்தாக, இடம் விட்டு எழுதினேன். குமுதவல்லி முத்திரை குத்தி, அறிவுறுத்தல் தாளைக் கொடுத்தார். நிக்கல் பாத்திரம் அவசியம், அலுவலகத்தில் இருப்பு இல்லை, விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும். சேர்ந்தபின் வெள்ளைப் படிகமாக இருப்பார்கள். ஈரம் ஆகாது. அருகில் நின்று யாரும் அழக் கூடாது.

தாளை மேரியிடம் படித்துக் காட்டினேன். அவள் டிவிக்குப் பக்கத்தில் இருந்த நிக்கல் கட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவரைப் பாத்திரமா அடிச்சுக்கோங்கக்கா. சும்மாதானே உக்காந்திருக்காரு."

"உனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தானே மேரி."

"பாத்திரமானா மட்டும் எங்க போயிடப் போறாரு? என் அடுப்புலதானே வைக்கப் போறேன். நான் அழ மாட்டேன், பயப்படாதீங்க."

சூசைராஜை ஆட்டோவில் ஏற்றி, கடைத்தெருவில் பாத்திரம் அடிக்கிறவரிடம் கொண்டுபோனோம். நாலு நாள் ஆயிற்று. நல்ல கனமான பாத்திரம், திருகுமூடியோடு வந்தது. மூடியை இறுக்கினால் காற்றுப் புகாது. தபால் கொடுக்கக் குனிகிற மாதிரி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதைத் தட்டிச் சரி செய்ய முடியவில்லை என்றார் பாத்திரக்காரர்.

"பேர் வெட்டணுமா?" என்று கேட்டார்.

வெட்ட வேண்டும் என்றோம். சுவரில்தான் பெயர் இருக்காதே. பக்கவாட்டில் 'தட்சிணாமூர்த்தி - வேதநாயகி' என்று புள்ளி புள்ளியாக வெட்டினார். நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கஞ்சி வடித்து, கைக்குட்டைகள் எல்லாவற்றுக்கும் போட்டு வைத்துவிட வேண்டும்.

மேரி பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் 'சூசைராஜ்' என்று வெட்டச் சொன்னாள். வெட்டி முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, பெயரை நடுவில் போட்டுவிட்டீர்களே, பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் வேண்டாமா என்று பாத்திரக்காரரிடம் கேட்டாள். அவர் சுத்தியலை எடுத்து, சூசைராஜைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்திக் கொடுத்தார்.