நம்பாததும் நம்பியதும்

தன் மகளைச் சோம்பேறி என்றுதான் வார்சித்தோ நினைத்திருந்தார். தெகால் நகரத்துப் பழைய கிடங்கு ஒன்றில் கோடு போட்டு, வலை கட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இறகுப்பந்து சொல்லிக்கொடுப்பவர் அவர். அந்தப் பிள்ளைகளில் அவருடைய பன்னிரண்டு வயது மகள் வூரி மட்டும்தான் இடதுகைக்காரி. அவள் அடி எந்தப் பக்கம் வரும் என்று எதிராளி திணறிப்போவான். மகளை மாகாணப் போட்டிவரை கொண்டுபோய்விடலாம் என்று அவர் மனக்கோட்டை கட்டியிருந்தார்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் ஆட்டம் படுத்துவிட்டது. கொஞ்சம் ஆடினாலே கையைத் தொங்கப்போட்டுவிடுவாள். கை கனக்கிறது, விரல் சில்லிடுகிறது என்பாள். தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை என்று அம்மா கஸ்மியாத்தியிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் டிமிக்கி என்றார் வார்சித்தோ.

ஒரு மாலை மட்டை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் மற்ற பிள்ளைகளை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் அதே கையால் மட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வலையோரம் நிற்கவேண்டும் என்றார்.

"முடியலப்பா. நெஜமாவே முடியல."

"கையில உசுரு இல்லியா உனக்கு? பிடிடி."

பிடித்தாள். கை தாழ்ந்தது, முகம் வெளுத்தது, அப்படியே சரிந்துவிட்டாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் அவள் இடது கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒன்றும் காட்டவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று வேறொன்றை எடுத்துவந்தாள். அதுவும் காட்டாமல் போகவே, விரல் வைத்து நாடி தேடினாள். வலது மணிக்கட்டில் துடித்தது. இடதில் துடிப்பே இல்லை. தான் கேட்ட கேள்வி வார்சித்தோவின் காதில் ஒலித்தது.

செமாராங் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி. சுவர் வீங்கி, உள்ளே வழி குறுகிவிட்டது. கைக்குப் போகும் குழாய் அடைபடும் நிலையில் இருக்கிறது. அழற்சியை ஸ்டீராய்டு மாத்திரை அடக்கும். முகம் உப்பும், பசி பிடுங்கும், ஆனால் திடீரென்று மட்டும் நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் உடம்பு தாங்காது என்றார்.

தன் பயிற்சியால் வந்ததா என்று வார்சித்தோ கேட்டார். இல்லவே இல்லை என்றார் டாக்டர். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. நோயைக் கொடுத்தது அவர் இல்லைதான். நோயில் கிடந்த பிள்ளையைத் தண்டித்தது அவர்தானே. இனி அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் சந்தேகிப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தார்.

மாத்திரை வேலை செய்தது. கைக் கனம் குறைந்தது, தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். சோறும், புளித்த சோயாவில் செய்த தெம்பே வறுவலும் எவ்வளவு வைத்தாலும் போதவில்லை. கன்னம் உப்பிக் கண் சிறுத்தது. ஆவியில் வேகும் வெள்ளை உருண்டை ரொட்டியின் பெயரைச் சொல்லி, "பாக்பாவ் வருது" என்று பள்ளியில் சிரித்தார்கள்.

கஸ்மியாத்தி தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம், மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கட்டுமா என்று வூரி கேட்டாள். டாக்டரைக் கேட்க வார்சித்தோ போனை எடுத்தார். கேட்டால் பிள்ளையை மறுபடியும் நம்பாததாக ஆகிவிடும் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டார்.

"எரியுதுன்னா விட்டுடு கண்ணு."

ஒரு வாரம் போவதற்குள் அவளுக்கு வாந்தி நிற்கவில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல், வேர்த்து, கண் சொருகிக் கிடந்தாள். பக்கத்து வீட்டு வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மாத்திரையை யார் நிறுத்தியது என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றார். டாக்டர் உடனே மருந்தை நரம்பு வழியாக ஏற்றச் சொன்னார்.

தெளிந்த பிறகு அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வயிறு எரியலப்பா."

கரண்டி நின்றது.

"கிளாஸ் போட்டோ எடுக்கறாங்க. அதுக்குள்ள மூஞ்சி வத்திரும்னு பாத்தேன். அம்மான்னா கண்டுபிடிச்சிருப்பாங்க. நீங்கதான் இப்பல்லாம் எது சொன்னாலும் சரிங்கறீங்களே."

அவருக்குக் கோபம் வரவில்லை. "அன்னிக்கு நெஜம் சொன்னே. நான் நம்பல," என்றார் மெதுவாக.

"இப்ப பொய் சொன்னேன், நம்பிட்டீங்க. உங்களுக்கு நேரமே சரியில்லப்பா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவர் அடுத்த கரண்டிக் கஞ்சியை நீட்டினார்.

கஸ்மியாத்தி வந்து இருவரையும் ஒரு பிடி பிடித்தாள். அதன் பிறகு அவள் எதிரில்தான் வூரி மாத்திரை விழுங்கவேண்டியிருந்தது. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கன்னம் வற்ற ஒரு வருடத்துக்குமேல் ஆயிற்று. போட்டிப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

பிறகொரு பரிசோதனையில், இடது கையில் நாடி லேசாகத் திரும்பியிருக்கிறது, தொட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். வார்சித்தோ விரலை அழுத்தித் தேடினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தெரியுதாப்பா?"

"தெரியலையே கண்ணு."

"இப்படி அமுக்காதீங்க. சும்மா வையுங்க."

சும்மா வைத்தார். நூல் அசைவதுபோல் ஏதோ ஒன்று விரல்நுனியில் வந்து போனது. அடுத்த நோயாளியைக் கூப்பிட்ட பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை.