காற்று வரட்டும் என்று நகர்த்திய சிப்பாய்

மாவட்டச் சதுரங்கப் போட்டிக்கு ராஜாவை அவரவரே கொண்டு வர வேண்டும். எல்லாரையும் போல நானும் அப்பாவைக் கூட்டிப் போனேன். ஆறாவது நகர்த்தலிலேயே காஸ்லிங் செய்து, மூலையில் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். அவர் பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

எதிரே பெனிட்டா. அவளுடைய ராஜா அவள் அப்பா சவரிமுத்து ஐயா. தோற்கிற ராஜாவின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். நடுவர் படிவத்தோடு பக்கத்திலேயே நின்றார். கடிகாரமும் அவர்தான். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவர் தலையில் தட்டினோம்.

சவரிமுத்து ஐயா அவர்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் நட்ட நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவருக்கு முழங்கால் மடங்காது. அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எங்களுக்குப் பயிற்சி. அவர் வைத்த மீன் குழம்பை வெட்கமில்லாமல் மூன்று முறை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

"அப்பாவுக்கு வேர்க்குதுண்ணே" என்றாள் பெனிட்டா. காற்று வரட்டும் என்று அவர் முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

பயிற்சியில் அப்படித் தள்ளினால் திட்டுவேன். இப்போது வாயைத் திறக்கவில்லை. குதிரையைக் கொடுத்து நடுவை உடைத்தேன். திறந்த வழியில் யானையை அனுப்பினேன். அந்த வழி நீண்டுகொண்டே போனது. யானை போய்ச் சேருவதற்குள் மதியச் சாப்பாடே முடிந்துவிட்டது. அது வருவதைச் சவரிமுத்து ஐயா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செக்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு தம்பி. காது மந்தம்" என்றார் ஐயா.

சத்தமாகச் சொன்னேன்.

"எந்திரிங்கப்பா" என்றாள் பெனிட்டா. அவர் நாற்காலியின் கைகளை ஊன்றிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா" என்று திரும்ப உட்கார்ந்தார்.

நான் டிரா கேட்டிருக்கலாம். ஆனால் அரைப் புள்ளி குறைந்தால் மாநில அணியில் இடம் கிடையாது. ராணியை நகர்த்தி மேட் சொன்னேன். ஐயா படிவத்தில் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை என்று என் பேனாவை வாங்கிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் பலகையின் மையத்தில் வைப்பது வழக்கம். அவரை நாற்காலியோடு தூக்கி வந்தோம். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

சவரிமுத்து ஐயா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பையன் உங்கள ஒரு செக்குகூட வாங்க விடல. கொடுத்து வச்சவர் சார் நீங்க."

அப்பா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அடுத்த ரவுண்டுக்கு நேரமாச்சுப்பா" என்றேன்.

"வேற யாரையாவது கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.