இட்டியவிராவுக்குக் கொடுத்த அப்பம்

என் புருஷன் ஔசேப்பு நெஞ்சுவலியால் செத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொய். அவரைக் கொன்றது இட்டியவிராவின் பூட்டு.

எங்கள் காயல் பக்கத்தில் ரோடு கிடையாது. ஆஸ்பத்திரிக்குத் தண்ணீரில்தான் போகவேண்டும். எஞ்சின் வள்ளம் வைத்திருந்தவன் பக்கத்து வீட்டு இட்டியவிரா ஒருவன்தான். எங்கள் வாத்துகள் அவன் வயலில் இறங்கி நாற்றை மிதித்துவிட்டன என்று எங்களோடு பேச்சை விட்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஔசேப்புக்கு நெஞ்சு அடைத்த அன்று நல்ல மத்தியானம். தலைவிரி கோலமாக ஓடிப்போய் வள்ளத்தைக் கேட்டேன். அது சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது.

"சாவியக் காணோம் ஏலிக்குட்டி" என்றான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நாங்கள் துடுப்பு போட்டுப் போனோம். பாதி வழியிலேயே ஔசேப்பு போய்விட்டார்.

அன்றிலிருந்து, ஜெபத்தில் "உமது திருவுளம்" என்று வரும்போதெல்லாம் இட்டியவிராவை நினைத்துக்கொண்டுதான் சொல்வேன். அவன் நாசமாய்ப் போவதுதான் திருவுளம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன மழைக்காலத்தில் அவன் மனைவி ரோசா காய்ச்சலில் போனாள். கர்த்தர் ஆள் மாறி அடித்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ரோசா நல்லவள்.

பெரிய வியாழன் வந்தது. காலையில் கோயிலில் கால் கழுவும் சடங்கு முடிந்ததும் பங்கு அச்சன் என்னை வாசலில் மறித்தார்.

"சேட்டத்தி, இட்டியவிரா வீட்டுக்கு இந்த வருஷம் பெசகா அப்பம் நீங்கதான்."

பெரிய வியாழன் ராத்திரி குடும்பத் தலைவன் முறித்து எல்லோருக்கும் கொடுப்பதுதான் பெசகா அப்பம். சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டில் அது வேகக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஒரு வாரமாக உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன், அவன் அப்பம் இல்லாமல் உட்காரட்டும் என்று.

"ஊர்ல வேற வீடே இல்லியா அச்சோ?"

"எல்லார் மேலயும் கேஸ் போட்டு வச்சிருக்காரு, யாரு போவா? முறையும் உங்களுதுதானே."

"என் ஔசேப்பக் கொன்னவனுக்கு நான் அப்பம் அவிக்கணுமா?"

"இப்பதான கால் கழுவிட்டு வர்றேன். ஆண்டவரு யூதாஸ் காலையும் விட்டுவைக்கல. உங்களுக்கு ஒப்பலேன்னா அவர்கிட்டயே சண்டை போடுங்க."

போட்டேன். அரிசி மாவும் உளுந்தும் கலக்கும்போது போட்டேன், தேங்காய்ப்பால் பிழியும்போதும் போட்டேன். சுவரில் சிலுவையில் தொங்கியவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் வாய் வலித்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கொண்டுபோகிறேன், நீர் சொன்னதைச் செய்தாயிற்று. ஆனால் அவன் மகள், மருமகன் முன்னால் சாவியைப் பற்றிக் கேட்பேன். வாயால் சொல்லும்வரை அப்பம் என் கையை விட்டுப் போகாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவையை வைத்து, பால் தூக்குடன் போனேன். மகள் டெய்சி என்னைக் கண்டு எழுந்து நின்றாள். அவள் புருஷன் பாயை விரித்தான். இட்டியவிரா மெலிந்து பாதியாக இருந்தான். பாவமாக இருந்ததா? இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

இரண்டு கையையும் நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"அன்னிக்கு வள்ளத்துச் சாவி எங்க இருந்துச்சு?"

"ஏலிச் சேச்சி, இன்னிக்குப் போயி..." என்றாள் டெய்சி.

"நீ சும்மா இரு. உங்கப்பா சொல்லட்டும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "இடுப்புல இருந்துச்சு. நாற்று போன கோவத்துல... சும்மா வலிதான்னு நெனச்சேன். ரோசாகிட்டகூடச் சொல்லல" என்றான். பிறகு கையை மடக்கிக்கொண்டான். "எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போயிரு."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்பத்தோடு திரும்பி நடந்தால் ஊர் முழுக்க என் பக்கம். கால் கிளம்பவே பார்த்தது. ஆனால் கொண்டுபோ என்றுதான் எனக்கு உத்தரவு, திருப்பிக் கொண்டுவா என்று யாரும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் வைத்தேன்.

"முறிங்க."

"என் கையாலயா?"

"குடும்பத் தலைவன்தான முறிக்கணும்? சாவிய ஒளிச்ச கையாலயே முறிங்க. நான் பாக்கணும்."

அழுதுகொண்டே முறித்தான். நான் இமைக்காமல் பார்த்தேன். அவன் அழ அழ எனக்கு ஆறியது, பொய் சொல்லமாட்டேன். முதல் துண்டைப் பாலில் தோய்த்தான். அதை மகளுக்குக் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினான்.

பெசகா அப்பத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். நானே அவித்த அப்பம், தொண்டையில் கல்லாக நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சிலுவைப் பாதையில் அச்சன் பக்கத்தில் வந்தார். "மன்னிச்சிட்டீங்களா சேட்டத்தி?"

"இல்ல அச்சோ. முழுங்கிட்டேன்."